ஏலத்திற்கு வந்த அரசணிகள்



1887ஆம் ஆண்டு மே மாதம் பாரிஸ் நகரத்து லூவர் மாளிகையில் ஓர் ஏலம் நடைபெற்றது. விற்றவர் கடன்பட்டு நொடித்த செல்வர் அல்லர்; பிரெஞ்சுக் குடியரசே தன் பழைய மன்னர்களின் அணிகலன்களை ஏலம் கூறிற்று.

பணமுடை இதன் காரணமன்று. 1870இல் மூன்றாம் நெப்போலியன் வீழ்ந்தான். ஆயினும், முடி இருக்கும்வரை அதைச் சூட ஒருவன் வருவான் என்று குடியரசினர் அஞ்சினர். ஒரு நூற்றாண்டுக்குள் இருமுறை பேரரசு எழக் கண்டவர்களின் அச்சத்தை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை.

விற்ற முறைதான் வருந்தத்தக்கது. யூஜினி பேரரசிக்கென இலைக்கொடி வடிவில் அமைந்த வைரமாலையொன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். வாங்கியவருள் பெரும்பாலோர் நகை வணிகர். நியூயார்க் டிஃபனி நிறுவனம் மிகப் பெரிய பங்கைப் பெற்றது. அவர்களுக்குக் கல்லே சரக்கு. கற்களைப் பெயர்த்து வேறு நகைகளில் பதித்தனர். கல் அழியவில்லை, அதை அணியாக்கிய தொழிலாளனின் கற்பனை அழிந்தது. பிரான்சு இழந்தது இதையே என்பது என் கருத்து.

தப்பிய அணிகளும் உண்டு. கிராமர் என்பவர் 1855இல் யூஜினிக்குச் செய்த, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வைரங்கள் பதித்த நாடா முடிச்சு, ஏலத்திலிருந்து அமெரிக்கச் செல்வக் குடும்பமொன்றைச் சென்றடைந்தது. 2008இல் லூவர் அருங்காட்சியகம் ஏறத்தாழ 67 இலட்சம் யூரோ கொடுத்து அதை மீட்டது. தானே விற்ற பொருளைத் தேசம் திரும்ப வாங்கிய விலை அது!

ஏலத்தில் விடாது நிறுத்திவைத்தவற்றுள் ரீஜண்ட் வைரம் தலையாயது. கிருஷ்ணை நதிக்கரைச் சுரங்கத்தில் கிடைத்த இக்கல்லைச் சென்னைக் கோட்டை ஆளுநர் தாமஸ் பிட் வாங்கினார். 1717இல் பிரான்சின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். நம் சென்னை வழியாகச் சென்ற கல் என்பதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவர்.

2025 அக்டோபர் 19ஆம் நாள் கள்வர் லூவருட் புகுந்தனர். கிராமரின் நாடா முடிச்சு உள்ளிட்ட எட்டு அணிகளைக் கவர்ந்தனர். இவையன்றி யூஜினியின் பொன்முடியையும் எடுத்தவர்கள், ஓடும்போது அதை நழுவவிட்டனர். அது நசுங்கிக் கிடைத்தது. அதே கூடத்திலிருந்த ரீஜண்ட் வைரத்தை அவர்கள் தொடவில்லை.