பூஜ்ஜியமா, பிழையா? ஒரே ஃபர்ம்வேரை வாசிக்கும் இரு டிரைவர்கள்

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டுகளுக்கு லினக்ஸ் கெர்னலில் இரண்டு திறந்தமூல டிரைவர்கள் உண்டு. சி மொழியில் எழுதப்பட்ட நூவோ, 2010இல் வெளிவந்த 2.6.33 பதிப்பில் சேர்ந்தது. ரஸ்டில் எழுதப்பட்டுவரும் நோவா, 2025இல் 6.15 பதிப்பில் நுழைந்தது. கார்டிலுள்ள ஃபர்ம்வேரான வீடியோ பயாஸை இரண்டுமே வாசித்தாக வேண்டும். அதில் ஓர் அட்டவணை இன்னொன்று இருக்கும் இடத்தை ஆஃப்செட் என்னும் எண்ணால் சுட்டும். அந்த எண் பிழையானால் வாசிப்பு எங்கேயோ போய் நிற்கும். அப்போது என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

நூவோவின் வாசிப்புச் செயற்கூறு எல்லையைச் சோதிக்கிறது. எல்லை மீறினால் பதிவேட்டில் ஒரு பிழைச் செய்தி எழுதிவிட்டு, பூஜ்ஜியத்தைத் திருப்பித் தருகிறது. அந்தப் பூஜ்ஜியம் தரவில் உண்மையாகவே இருந்ததா, பிழையால் வந்ததா என்பது அழைத்தவருக்குத் தெரியாது. ஆகவே கோடைச் சரிபார்ப்பவர் ஒவ்வோர் அழைப்பின் பின்னாலும் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

நோவாவின் வழியில் மதிப்போ பிழையோ, ஏதேனும் ஒன்றுதான் கைக்கு வரும். பிரித்துப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பயன்படுத்த கம்பைலர் விடாது. சரிபார்ப்பவரின் நடை குறைகிறது.

அதற்காக ரஸ்ட் கோடைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க முடியாது. சதுர அடைப்புக்குள் ஆஃப்செட்டை நேரடியாகப் போட்டு வாசித்தால், எல்லை மீறும்போது பேனிக் ஆகும். கெர்னலுக்குள் பேனிக் என்பது சிறிய விஷயமல்ல. நினைவகம் கெடாது, ஆனால் இயந்திரமே நின்றுபோகலாம். ஃபர்ம்வேரிலிருந்து வந்த இரண்டு எண்களைக் கூட்டும்போது விடை வழிந்தாலும், கெர்னலின் இயல்பு அமைப்பில் அதே கதிதான். எனவே எல்லையைச் சோதித்து வாசிக்கும் 'கெட்', வழிதலைச் சோதித்துக் கூட்டும் 'செக்டு ஆட்' போன்றவை இருக்கின்றனவா என்று தேட வேண்டும். பைட்டுகளை நேரே ஸ்ட்ரக்டாக மாற்றும் 'அன்சேஃப்' பகுதியில், அதன் மேலே கருத்துரையாக எழுதிய பாதுகாப்புக் காரணம் மெய்தானா என்று வரிவரியாகப் படிக்க வேண்டும்.

என் தேர்வு ரஸ்ட்தான். சரிபார்ப்பவரின் கவனம் அளவுக்குட்பட்டது. எல்லைக் காவலில் மிச்சமாகும் கவனம் தரவின் பொருளுக்குப் போக வேண்டும். பயாஸ் பிம்பத்தின் நீளம் 512 பைட் அலகில் குறிக்கப்பட்டிருக்கும். அதை 512ஆல் பெருக்க மறந்தால் சியும் வாய் திறக்காது, ரஸ்டும் திறக்காது. அதைக் கண்டு சொல்ல, அந்த வடிவமைப்பைப் படித்த ஒரு மனிதர் வேண்டும்.