கஹ்மர்: வீரத்தின் ஊரா, வேலை தேடியோரின் ஊரா?

உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு எல்லையில், கங்கையின் தென்பகுதியில், காஜிப்பூர் மாவட்டத்தில் அமைந்திருக்கிறது கஹ்மர். பீகார் எல்லை அருகிலேயே இருக்கிறது. இவ்வூரைப் பற்றி எழுதும் செய்தித்தாள்கள் இரண்டு அடைமொழிகளைத் தவறாமல் சேர்க்கின்றன: ‘ஆசியாவின் மிகப் பெரிய கிராமம்’, ‘படைவீரர்களின் கிராமம்’. முதல் அடைமொழியை இங்கே விட்டுவிடலாம். இரண்டாவது, வட இந்திய ராஜபுத்திர மரபு குறித்த ஆய்வுகளின் மையக் கேள்வி ஒன்றைத் தொடுவதால், சற்று விரிவாகப் பார்க்க வேண்டியதாகிறது.

ஊரின் மரபுவரலாறு இவ்வாறு சொல்லப்படுகிறது. 1527-இல் கான்வா போரில் ராணா சங்கா பாபரிடம் தோற்றார். அதன்பின், சிக்ரிப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட சிகர்வார் ராஜபுத்திரர்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். அவர்களுள் தாம் தேவ் ராவ் என்பவர் 1530 வாக்கில் கஹ்மரை நிறுவினார். குலதெய்வமான காமாக்யா தேவிக்குக் கோயில் எழுப்பப்பட்டது. ஊர் 22 பட்டிகளாகப் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு பட்டியும் ஒரு முன்னோரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இம்மரபு கஹ்மர் ராஜபுத்திரர்களுக்கு மட்டுமே உரியதன்று. அருகிலுள்ள ஷேர்பூர், ரேவதிபூர் ஆகிய ஊர்களின் பூமிஹார்களும், தில்தார்நகரைச் சுற்றியுள்ள கம்சார் பகுதி முஸ்லிம் பட்டான்களும் தம் வேர்களைச் சிகர்வார் வழியிலேயே காண்கின்றனர். ஒரே மூதாதையர் கதையை இன்று ராஜபுத்திரர், பூமிஹார், முஸ்லிம் என மூன்று சமூகத்தார் தத்தம் வரலாறாகச் சொல்கின்றனர். ரத்த உறவு மெய்யா பொய்யா என்று தீர்ப்பு வழங்குவதற்கு நம்மிடம் ஆவணமில்லை. அது நம் வேலையும் அன்று. சாதி, மத எல்லைகள் இன்றுள்ளதுபோல் அன்றும் இறுகியிருந்தால் இத்தகைய பகிர்ந்த மரபு எப்படி உருவாகியிருக்கும் என்பதே நாம் எழுப்ப வேண்டிய வினா.

இவ்வினாவுக்கு டிர்க் கோல்ஃப் 1990-இல் வெளியிட்ட ‘நௌகர், ராஜ்புத் அண்ட் சிபாய்’ என்னும் நூல் பெரிதும் துணைபுரிகிறது. 15-ஆம் நூற்றாண்டு தொடங்கி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இந்துஸ்தானத்து உழவர்கள் ஆயுதம் தாங்கியவர்களாகவும், பருவத்துக்கேற்பப் படைப்பணியை நாடியவர்களாகவும் இருந்தனர் என்பது அவரது வாதம். அதை அவர் ‘படை உழைப்புச் சந்தை’ என்கிறார். அச்சந்தையில் ‘ராஜபுத்திரர்’ என்பது பிறப்பால் மட்டும் வாய்ப்பதாக இருக்கவில்லை. சேவையாலும் கூட்டுறவாலும் எய்தக்கூடிய தகுதியாகவும் இருந்தது. முகலாய அரசவையின் செல்வாக்கில்தான் வம்சாவளியை முதன்மைப்படுத்தும் மூடிய அடையாளம் மெல்ல வலுப்பெற்றது. இடைக்காலத் தொடக்க ராஜஸ்தானைப் பற்றி பி. டி. சட்டோபாத்யாயா எழுதியவையும் இதே திசையைக் காட்டுகின்றன. நிலக்குடியேற்றம், கோட்டை கட்டுதல், திருமண உறவு ஆகியவற்றின் வழியாக நிகழ்ந்த நீண்ட சமூக அசைவே ‘ராஜபுத்திரர் தோற்றம்’ என்பார் அவர்.

கிழக்கிந்தியக் கம்பெனி இச்சந்தையின் பெரும் முதலாளியாக வந்து சேர்ந்தது. அதன் வங்காளப் படை அவத், பனாரஸ், போஜ்பூர்ப் பகுதிகளின் ராஜபுத்திரர்களையும் பிராமணர்களையும் பூமிஹார்களையும் விரும்பிச் சேர்த்தது. உயர்சாதி ஒழுக்கங்களைக் கம்பெனியே படைக்குள் பேணி வளர்த்தது என்பதை சீமா அலவி எடுத்துக்காட்டியுள்ளார். ஆக, ‘பரம்பரை வீரர்’ என்னும் படிமத்தில் கம்பெனி அலுவலகத்தின் கைவண்ணமும் கலந்திருக்கிறது.

உழவன் ஏன் படைக்குச் சென்றான்? இதற்கான விடையின் ஒரு பகுதி நிலத்தில் கிடக்கிறது. 1795-இல் பனாரஸ் மாகாணத்தில் நிரந்தர நிலவரித்திட்டம் நடைமுறைக்கு வந்தது. காஜிப்பூரும் அதனுள் அடங்கியது. வரி நிலைபெற்றது, ஆனால் பங்குகள் நிலைபெறவில்லை. பட்டிதாரி முறையில் நிலம் தலைமுறைதோறும் சகோதரரிடையே பிரிந்துகொண்டே போனது. வரிநிலுவைக்காக ஏலம் விடப்பட்ட நிலங்கள் புதியவர் கைக்கு மாறியதை பெர்னார்ட் கோன் இப்பகுதி குறித்த தம் ஆய்வுகளில் விவரித்துள்ளார். குறுகிவந்த பங்கைக் காத்துக்கொள்ள ரொக்கம் வேண்டும். சிப்பாயின் சம்பளம் அந்த ரொக்கமாயிற்று. மான உணர்வு இல்லை என்பதல்ல இதன் பொருள். மானமும் சம்பளமும் ஒரே வீட்டில் குடியிருந்தன.

1857 இந்த ஏற்பாட்டைக் குலைத்தது. கலகம் செய்த படைகளில் இப்பகுதியினர் பெருந்தொகையினர். ஜகதீஷ்பூரின் குன்வர் சிங் 1858 ஏப்ரலில் மறைந்தபின் அவர் தம்பி அமர் சிங் போரைத் தொடர்ந்தார். கஹ்மரின் மேகர் சிங்கும் அவருடன் கைகோத்தார். அடக்குமுறைக்குப் பின், ஆங்கில அரசு படைச்சேர்ப்பின் மையத்தைப் படிப்படியாகப் பஞ்சாபுக்கு மாற்றியது. 1885 முதல் 1893 வரை தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் ‘போர்க்குல’க் கோட்பாட்டை உறுதியாகப் பற்றியவர். நேற்றுவரை சிறந்த சிப்பாய்களாகக் கொண்டாடப்பட்ட பூரபியர்கள் ஒரே தலைமுறையில் ஐயத்துக்குரியவர்களாயினர். குருதியில் மாற்றமில்லை, வேலை கொடுத்தவரின் கணக்கே மாறியது.

முதல் உலகப் போர் வந்தபோது கணக்கு மீண்டும் திரும்பியது. கஹ்மரிலிருந்து 228 பேர் போருக்குச் சென்றனர், அவர்களுள் 21 பேர் உயிர்நீத்தனர் என்று ஊரிலுள்ள நினைவுக்கல் கூறுகிறது. இந்தியக் கிராமங்கள் பலவற்றில் அரசு பதித்த இத்தகைய கற்களில் எண்கள் மட்டுமே உண்டு. பெயர்கள் இல்லை, சாதியும் இல்லை. அந்த 228 பேரும் ஒரே குலத்தவர் என்று கல் சொல்லவில்லை. பிற்காலக் கதையாடல்தான் ஊரையும் குலத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. அவ்வாறு ஒன்றாக்கும்போது, அதே மண்ணில் ஏர்பிடித்த நிலமற்ற மக்களும், படைக்குச் சென்றோரின் வயலையும் குடும்பத்தையும் தாங்கிய பெண்களும் மரபுக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

அவர்கள் நிலை என்ன என்பதற்கு ஒரு சான்று நாடாளுமன்றத்தில் கிடைக்கிறது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1952 ஜூலை 1 அன்று உத்தரப் பிரதேசத்தில் நடைமுறைக்கு வந்து பத்தாண்டு கடந்திருந்த நேரம். 1962-இல் காஜிப்பூரின் மக்களவை உறுப்பினர் விஸ்வநாத் சிங் கஹ்மரி, தம் பகுதி ஏழைகள் மாட்டுச்சாணத்திலிருந்து தானியம் பொறுக்கிக் கழுவி உண்பதை அவையில் கண்கலங்க எடுத்துரைத்தார். நேரு அரசு பி. பி. படேல் தலைமையில் ஆய்வுக்குழு அமைத்தது. காஜிப்பூர், ஆசம்கர், ஜான்பூர், தேவரியா ஆகிய நான்கு மாவட்டங்களை ஆராய்ந்து 1964-இல் அது அறிக்கை அளித்தது. தம் பெயரிலேயே கஹ்மரைத் தாங்கிய ஒருவர் அவைக்குக் கொண்டுசென்றது வீரப்புகழை அல்ல, பசியை. இந்த உரையும் கஹ்மரின் மரபில் அடங்கும் என்றே கருதுகிறேன்.

2022-இல் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது இத்தகைய ஊர்களில் எழுந்த கலக்கத்தையும் இதே தொடர்ச்சியில் வைத்துப் பார்க்கலாம். நான்காண்டுப் பணி என்றால் மிகப் பெரும்பாலோருக்கு ஓய்வூதியம் இல்லை. விடியற்காலையில் ஓடிப் பயிற்சி செய்யும் இளைஞனுக்கு அது குலப்பெருமை குறித்த கேள்வியாக மட்டும் இருக்கவில்லை. வாழ்நாள் வேலை குறித்த கேள்வியாகவும் இருந்தது.

கிராம மரபுகளை ஆராய முற்படும் மாணவர்களுக்கு ஒரு கருத்து. வம்சாவளியைப் பொய்யென ஒதுக்கவும் வேண்டாம், மெய்யென வணங்கவும் வேண்டாம். அது எப்போது, எந்தத் தேவைக்காக எழுதப்பட்டது என்று கேளுங்கள். ‘ஆயினி அக்பரி’ பர்கனாவாரியாகத் தரும் ஜமீன்தார் சாதிகளின் பட்டியலோடும், வில்டன் ஓல்டாம் 1870-களில் காஜிப்பூர் குறித்து எழுதிய குறிப்புகளோடும், நிலவரி ஆவணங்களோடும் அதை ஒப்பிடுங்கள். அண்டை ஊரில் அதே கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். இறந்த இந்தியப் படைவீரர் பலரின் தந்தை பெயரும் ஊரும் போர்க்கல்லறை ஆணையப் பதிவேடுகளில் உள்ளன. கல்லில் வெறும் எண்ணாக நிற்கும் அந்த 21 பேரும் யார் யார், எந்தெந்தப் பட்டியினர், எந்தெந்தச் சாதியினர் என்று தேடுவது ஒரு நல்ல ஆய்வேட்டுக்குரிய பணி. கஹ்மரின் பெருமையைப் பேசுவோரும் அதன் முடிவுகளுக்காகக் காத்திருப்பது நல்லது.