செவில் நகரின் கனாத்: பொதுவெளிக் குளிர்ச்சி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

தென் ஸ்பெயினின் செவில் நகரில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடப்பது இயல்பு. அந்நகரின் கார்த்துஹா தீவில் அண்மையில் அமைக்கப்பட்ட ‘கார்த்துஹா கனாத்’ என்னும் பொதுவெளி, பாரசீகத் தொழில்நுட்பத்தின் மறுவரவாகவே பெரிதும் பேசப்படுகிறது. இக்கூற்று பாதி உண்மையே.

கனாத் என்பது நிலத்தடி நீரை மென்சரிவான சுரங்கக் கால்வாய் வழியே, இறைப்பு ஏதுமின்றிப் புவியீர்ப்பால் மட்டுமே ஊருக்குக் கொணரும் அமைப்பாகும். ஈரானின் யஸ்த் நகரில் காற்றுக்கோபுரங்களும் இக்கால்வாய்களும் இணைந்து இல்லங்களைக் குளிர்வித்தன. எனினும், செவில் நகரம் இந்நுட்பத்தை முதன்முறையாக இன்றுதான் பெற்றது எனக் கொள்வதற்கில்லை. அல்மொகாது ஆட்சியில், 1172ஆம் ஆண்டையொட்டிப் புதுப்பிக்கப்பட்ட கார்மோனா நீர்ப்பாலம், அல்கலா தெ குவாதாயிரா என்னும் ஊரில் குடையப்பட்ட நிலத்தடிச் சுரங்கங்களிலிருந்தே நீர் பெற்றது. அப்பாலத்தின் பெரும்பகுதியை 1912இல் நகரமே இடித்துவிட்டது. சில வளைவுகளே எஞ்சியுள்ளன.

இடைப்பட்ட கண்ணி 1992ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, கடுங்கோடையை உள்ளடக்கி நடந்த அக்கண்காட்சிக்காகச் செவில் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் திறந்தவெளியைக் குளிர்விக்கும் முறைகளை ஆராய்ந்தனர். பந்தல் நிழல், நீர்நிலைகள், நுண்துளி தெளிப்பான்கள், ஐரோப்பா நிழற்சாலையின் 12 கோபுரங்கள் ஆகியன அதன் விளைவுகள். வறண்ட காற்றில் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளும் என்பதே இவற்றுட் பலவற்றின் அடிப்படை. கண்காட்சி முடிந்தபின் வளாகத்தின் பல பகுதிகள் பராமரிப்பின்றிச் சிதைந்தன. ஆறு மாத விழாவுக்கு எழுந்தவற்றை அதன்பின் பேணும் பொறுப்பு யாருடையது என்பது தெளிவாக வரையறுக்கப்படாததே இதற்குக் காரணம் எனக் கருதலாம்.

அதே வளாகத்தில்தான், ஐரோப்பிய ஒன்றிய நிதியுதவியுடன் இப்புதிய வெளி எழுந்துள்ளது. இரவில் நீர் கூரைமீது வழிந்தோடி, வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. பின் நிலத்தடியில் சேமிக்கப்படுகிறது. பகலில் அந்நீரே காற்றைக் குளிர்விக்கிறது. நீரேற்றிகளை இயக்குவது சூரிய மின்தகடுகள். பழைய கனாத்துக்கு இவ்விசை தேவைப்படவில்லை என்பதையும் இங்கே நினைத்தல் தகும். பெயர் ஒன்றாயினும் இயக்கம் வேறு.

ஆதலின் இதன் நேர்மூதாதை யஸ்த் அன்று, 1992ஆம் ஆண்டின் செவில் நகரமே. பாரசீகப் பெயரை மட்டும் முன்னிறுத்தும் வரலாறு, 1912இன் இடிப்பையும் 1992க்குப் பிந்தைய கைவிடலையும் ஒருங்கே மறைத்துவிடுகிறது. மின்தகடுகளைவிட முதன்மையான மாற்றம் நிருவாகத்தில் நிகழ்ந்துள்ளது: இம்முறை திட்டத்தில் முன்னின்றது விழாக்குழு அன்று, நகரின் குடிநீர் நிறுவனம்.