கடலூர் – சிதம்பரம்: தூரமும் பயண நேரமும்

கடலூர், சிதம்பரம் ஆகியவை தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் உள்ள இரு நகரங்கள் ஆகும். இவற்றுக்கு இடையே நேர்கோட்டில் சுமார் 40 கிலோமீட்டரும், சாலை வழியே சுமார் 45 கிலோமீட்டரும் தொலைவு உண்டு. இத்தூரம் மாறவில்லை; அதைக் கடக்கும் நேரம் காலத்துக்குக் காலம் பெரிதும் மாறியுள்ளது.

நில அமைப்பு

இரு நகரங்களும் வங்கக் கடலோரச் சமவெளியில் அமைந்துள்ளன. மேடு பள்ளம் குறைவு என்றாலும் ஆறுகள் குறுக்கிடுகின்றன. கடலூரை ஒட்டிக் கெடிலமும் பரவனாறும், பரங்கிப்பேட்டை அருகே வெள்ளாறும் கடலில் கலக்கின்றன. பாலங்கள் இல்லாத காலத்தில், மழைக்காலப் பயணத்தின் நேரத்தைத் தீர்மானித்தவை இந்த ஆறுகளே.

1781: பதினைந்து நாள் வழி

இரண்டாம் ஆங்கிலேய–மைசூர்ப் போரின்போது ஐதர் அலியின் படைகள் கர்நாடகப் பகுதியின் பெரும்பகுதியைக் கைப்பற்றியிருந்தன. ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட் 1781 பிப்ரவரி முதல் கடலூரில் தங்கியிருந்தார். உள்நாட்டில் தானியமும் மாடுகளும் கிடைக்காததால் அவரது படை கடல்வழி உணவையே நம்பியிருந்தது.

சூன் மாத நடுவில் கூட் தெற்கே நகர்ந்து வெள்ளாற்றைக் கடந்தார். மைசூர் வீரர்கள் காவல் இருந்த சிதம்பரம் கோயிலைச் சூன் 18 அன்று தாக்கினார். அத்தாக்குதல் தோல்வியடைந்தது. அவர் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கியதும், ஐதர் அலி விரைந்து வந்து கடலூர் செல்லும் வழியை மறித்தார். சூலை 1 அன்று நடந்த பரங்கிப்பேட்டைப் போரில் கூட் வென்ற பின்னரே வடக்கு வழி திறந்தது. இரண்டு நாள் நடையில் முடியக்கூடிய இத்தூரத்துக்கு ஒரு படை சென்று திரும்ப இரு வாரங்களுக்கு மேல் ஆனது. வழியில் உணவும் பாதுகாப்பும் இல்லாததே இதற்குக் காரணம்.

இரயில் பாதை

1870களில் தென்னிந்திய இரயில்வே அமைத்த மீட்டர் பாதை இரு ஊர்களையும் இணைத்தது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகியவை இடைநிலையங்கள். பகல் முழுவதும் எடுத்த மாட்டுவண்டிப் பயணம் சில மணி நேரத்துக்குள் அடங்கியது. 1920களின் இறுதியில் விருத்தாசலம் வழியே குறுக்குப் பாதை திறக்கப்படும் வரை, சென்னை–திருச்சி தொடர்வண்டிகள் இவ்வழியே சென்றன.

விழுப்புரம்–மயிலாடுதுறை அகலப்பாதைப் பணிக்காக 2006 முதல் 2010 வரை தொடர்வண்டிகள் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டுகளில் பயணிகள் பேருந்துகளையே நம்ப வேண்டியிருந்தது.

இன்றைய நிலை

தற்போது விரைவுத் தொடர்வண்டியில் ஒரு மணிக்கும் குறைவாகவும், பேருந்தில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரத்திலும் இத்தூரத்தைக் கடக்கலாம். கடலூருக்கு அருகிலுள்ள வானூர்தி நிலையம் புதுச்சேரியில் உள்ளது. வெளிநாடு செல்வோர் சென்னை அல்லது திருச்சிக்குச் செல்கின்றனர்.

முக்கியத்துவம்

மாவட்ட ஆட்சியரகம் கடலூரிலும், 1929இல் தொடங்கப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலும் உள்ளன. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாற்றப்பட்டது. எனவே மனு கொடுக்க வடக்கேயும், படிப்புக்கும் உயர்சிகிச்சைக்கும் தெற்கேயும் மக்கள் பயணிக்கின்றனர். ஆம்புலன்சில் செல்லும் நோயாளிக்கு, இவ்வழியில் மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் உயிரோடு தொடர்புடையது.