பெயரில்லாப் பதக்கங்கள்

இன்றைய உரையை ஒரு தகரப் பெட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

என் தாயாரின் மூத்த சகோதரர், எங்களுக்கெல்லாம் பெரிய மாமா, இரண்டாவது உலக யுத்த காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். எங்கள் ஊர் கற்பிட்டிக் குடாநாட்டில் உள்ளது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு. மாமா மறைந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மாமியும் காலமான பின்னர் பழைய வீட்டைப் பிரித்துக் கட்டினார்கள். அப்போதுதான் பரணிலிருந்து அந்தப் பெட்டி கீழே இறங்கியது.

உள்ளே இரண்டு பதக்கங்கள் இருந்தன. அவற்றோடு நிறம் மங்கிய நாடாக்கள், நான்காக மடித்த ஒரு விடுவிப்புப் பத்திரம், சீருடையில் மாமா நிற்கும் சிறிய புகைப்படம் ஒன்று. அவ்வளவுதான்.

பேரப்பிள்ளைகளுக்குப் பெரும் மகிழ்ச்சி. பதக்கங்களைப் பளபளவென மினுக்கி, சிவப்பு வெல்வெற் துணியில் பதித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டு முகப்பில் மாட்டவேண்டும் என்றார்கள். "இந்தக் கடுதாசியை என்ன செய்வது?" என்று கேட்டேன். "அது தொட்டாலே உதிருது மாமா, வீசிவிடலாமே" என்றான் ஒருவன்.

"வீசிவிடலாமே" என்ற அந்த ஒரு சொல்தான் இந்த உரைக்குக் காரணம். ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற உரிமையில், சட்டம் போடுவிக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன்.

மாமா படையில் சேர்ந்தது 1942 இல். அந்த ஆண்டின் ஏப்பிரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, ஏப்பிரல் 9 இல், திருகோணமலை தாக்கப்பட்டது. சிங்கப்பூர் அதே ஆண்டு பெப்ரவரியில் வீழ்ந்திருந்தது. அடுத்தது இலங்கைதான் என்ற அச்சம் நாடெங்கும் பரவியிருந்தது. ஆனாலும் இலங்கையருக்குக் கட்டாய இராணுவச் சேவை விதிக்கப்படவில்லை. சேர்ந்தவர்கள் தாமாக விரும்பிச் சேர்ந்தவர்களே. விருப்பத்துக்குப் பின்னால் வறுமையும் இருந்திருக்கலாம், துணிச்சலும் இருந்திருக்கலாம். மாமாவிடம் கேட்டால் "மூன்று வேளைச் சாப்பாடு" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்த யுத்தம் எங்கள் கரைக்கும் வந்தது. புத்தளத்துக்குத் தெற்கே பாலாவியில் விமானத்தளம் ஒன்று அமைக்கப்பட்டது. 1943 இல் அது பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவுக்கு உரியதாயிற்று. கடற்படையின் தரைத் தளங்களுக்கும் கப்பலைப்போலப் பெயர் சூட்டுவது பிரித்தானியர் வழக்கம். பாலாவித் தளத்துக்கு வைத்த பெயர் 'ரஜாலியா'. சிங்களத்தில் அது வேட்டைப் பறவை ஒன்றின் பெயர். நாம் இராஜாளி என்கிறோமே, அதே சொல். களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தைத் தளத்துக்கும் 'உக்குஸ்ஸா' என்று ஒரு சிங்களப் பறவைப் பெயரே வைக்கப்பட்டது.

புத்தளத்து மழையில் அந்தத் தளம் சேறாகிவிடும். சேற்றில் புதைந்த போர்விமானங்களை யானை கட்டி இழுத்தார்கள். கோர்செயர் என்ற பெரிய விமானத்தை யானை ஒன்று சங்கிலி பூட்டி இழுக்கும் 1944 ஆம் ஆண்டுப் புகைப்படம் உலகப் பிரசித்தமானது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் பலர். ஆனால், யானையின் பக்கத்தில் நடக்கும் பாகனின் பெயரைக் கேட்டால் யார் சொல்வார்?

பெயர் என்ற இந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன்.

மாமாவின் இரண்டு பதக்கங்களில் ஒன்று 'பாதுகாப்புப் பதக்கம்'. அதன் நாடாவில் நடுவே செம்மஞ்சள், இருபுறமும் பச்சை, பச்சையின் மீது மெல்லிய கறுப்புக் கோடுகள். செம்மஞ்சள் குண்டுவீச்சால் எழுந்த தீயையும், பச்சை பிரித்தானிய மண்ணையும், கறுப்பு விளக்கணைத்த இரவுகளையும் குறிக்கும். மற்றையது '1939-45 போர்ப் பதக்கம்'. அதன் நாடா சிவப்பு, வெள்ளை, நீலம். ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் இருதலைப் பறவைநாகம் ஒன்றைக் காலடியில் மிதித்து நிற்கும் சிங்கம். இரண்டுமே 36 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டங்கள். செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்.

முதலாவது உலக யுத்தத்தின் பதக்கங்களைப் பார்த்திருப்பீர்களானால், விளிம்பில் வீரனின் இலக்கமும் பெயரும் படைப்பிரிவும் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். இரண்டாவது யுத்தத்தில் பிரித்தானிய அரசு அந்த வேலையைச் செய்யவில்லை. இலட்சக்கணக்கில் வழங்கப்பட்ட பதக்கங்கள் வெறும் விளிம்போடு வந்தன. அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் இந்தியாவும் தத்தம் வீரர்களின் பெயர்களைப் பொறித்துக் கொடுத்தன. எங்கள் மாமாவின் பதக்கங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விளிம்பில் ஓர் எழுத்தும் இல்லை.

ஆகவே நேயர்களே, அந்தப் பெட்டியில் மாமாவின் பெயர் இருந்தது ஒரேயோர் இடத்தில்தான். வீசிவிடலாம் என்று சொல்லப்பட்ட அந்தக் காகிதத்தில். பெயர், படை இலக்கம், சேர்ந்த நாள், விலகிய நாள், நடத்தை நன்று என்ற ஒரு குறிப்பு. அதை வீசிவிட்டால் எஞ்சுவது எந்தப் பழம்பொருள் கடையிலும் கிடைக்கும் இரண்டு உலோக வட்டங்கள். மாமா கடலுக்குப் போய்விடுவார், சிங்கமும் மன்னரும் சுவரில் இருப்பார்கள்.

இன்னொன்றும் என்னை யோசிக்க வைத்தது. மன்னரின் தலையை நம் வீட்டுச் சுவரில் மாட்டுவது சரியா?

இந்தக் கேள்வி புதியதன்று. முதலாவது யுத்தத்தின் பின்னர் ஆண்டுதோறும் நொவெம்பர் 11 ஆம் திகதி இங்கே பொப்பி மலர் விற்றார்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கே போயிற்று. நம் நாட்டு முன்னாள் படையினர் கையேந்தி நின்றார்கள். அதைப் பொறுக்காமல் ஈலியன் பெரேரா 1931 இல் அதே நாளில் வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். அதுதான் சூரிய மல். நம் வேலியோரத்து பூவரசம் பூ. கிடைத்த பணம் வறுமைப்பட்ட இலங்கை வீரர்களுக்கு உதவியது. 1933 இல் இளைஞர் கழகங்கள் அந்த இயக்கத்தைக் கையேற்றபோது அது ஏகாதிபத்திய எதிர்ப்பின் சின்னமாகவே மாறிவிட்டது. நம் கரையில் பூவரசு இல்லாத ஊர் எது? அந்தப் பூவுக்குள் ஒரு படைவீரர் வரலாறு இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மாமா படையில் சேர்ந்த அதே 1942 இல், மே 8 ஆம் திகதி இரவு, கொக்கோஸ் தீவில் நின்ற இலங்கைப் பீரங்கிப் படையினரில் ஒரு சிலர் கிளர்ச்சி செய்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது. கிரேஷன் பெர்னாண்டோவும் இரு தோழர்களும் ஓகஸ்ட் மாதத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த மகா யுத்தத்தில், படைக் கலகத்துக்காக மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பொதுநலவாயப் படையினர் அந்த மூவர் மட்டுமே. அவர்களும் இந்த நாட்டுப் பிள்ளைகள். மாமாவோடு ஒரே ஆண்டில் ஒரே சீருடையில் இருந்தவர்கள்.

இதையெல்லாம் பேரப்பிள்ளைகளிடம் சொன்னேன். மன்னரைப் பெருமைப்படுத்த நாம் சட்டம் போடவில்லை. மாமா எந்தக் காலத்தில், எந்தக் கொடியின் கீழ், எதற்காக நின்றார் என்று நாளைக்கு ஒருவர் கேட்டால், பதில் சொல்ல அந்தச் சுவரில் ஏதாவது இருக்கவேண்டும். அதற்குத்தான் சட்டம் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.

புத்தளம் நகரில் சட்டம் போடும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் ஐம்பதை நெருங்கியவர். பெட்டியைத் திறந்து பார்த்தவர், பதக்கத்தைத் தொடவே இல்லை. காகிதத்தைத்தான் இரண்டு கைகளாலும் ஏந்தி எடுத்தார்.

"இதில பேர் இருக்குது சேர். இத மறைச்சிடாதீங்க, முன்னுக்கு வைப்பம்" என்றார்.

"வெயிலில் எழுத்து மங்கிப்போகுமே தம்பி?"

"அப்ப பிரதி எடுத்து முன்னுக்கு வைப்பம். அசல இருட்டில வைங்க."

உப்பளங்கள் நிறைந்த நம் கரையில் காற்றே உப்பு. உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால் செம்பு கலந்த உலோகத்தில் பச்சைக் களிம்பு பூக்கும். கடைக்காரரோடு பேசியும் படித்தும் நான் அறிந்துகொண்டதை, வீட்டில் இத்தகைய பொருள் வைத்திருக்கும் நேயர்களுக்காகச் சொல்கிறேன்.

பதக்கத்தைப் புளி போட்டோ, மினுக்கும் திரவம் பூசியோ தேய்க்கக்கூடாது. ஒவ்வொரு தேய்ப்பிலும் உருவங்களின் மேடு சிறிது சிறிதாகக் கரைகிறது. மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தாற் போதும். வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு படியும். பருத்திக் கையுறை அணிவது நல்லது.

பசையும் செலோடேப்பும் ஆகவே ஆகா. நாடாவைப் பருத்தி நூலால், பின்மட்டையோடு தளர்வாகத் தைத்து நிறுத்தவேண்டும். குண்டூசி துருப்பிடித்து நாடாவில் கறை இறக்கும். பின்மட்டை அமிலம் கலவாததாக இருக்கவேண்டும். சாதாரண மட்டையும் மலிவான ஒட்டுப்பலகையும் நாளடைவில் அமில ஆவி விட்டு, காகிதத்தை மஞ்சளாக்கி உலோகத்தையும் அரிக்கும். சட்டம் பெட்டிபோல் ஆழமாக இருக்கவேண்டும். கண்ணாடி எந்தப் பொருளையும் தொடக்கூடாது. தொட்டால் அந்த இடத்தில் ஈரம் கோர்த்து பூஞ்சணம் பிடிக்கும். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெயில் படாத இடமே கண்ணாடி.

மாட்டுவது வீட்டின் உட்சுவரில். கடலைப் பார்த்த வெளிச்சுவர் மாரியில் ஈரம் குடிக்கும். சட்டத்தின் பின்புற மூலைகளில் சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போய்வரும். கறையானும் அவ்வளவு இலேசில் ஏறாது. ஆண்டுக்கு ஒருமுறை இறக்கிப் பார்க்கவேண்டும்.

பதக்கங்களுக்கு வரிசையும் உண்டு. பாதுகாப்புப் பதக்கம் நம் பார்வைக்கு இடப்புறம், போர்ப் பதக்கம் அதற்கு வலப்புறம். அவற்றின் கீழே பத்திரத்தின் பிரதி, பக்கத்தில் புகைப்படத்தின் பிரதி. அசல் இரண்டும் அமிலமற்ற உறையில் அலுமாரிக்குள் போயின. சட்டத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதினேன்: மாமாவின் முழுப் பெயர், ஊர், படை இலக்கம், சேர்ந்த ஆண்டு, அசல் பத்திரம் இருக்கும் இடம். அடுத்த தலைமுறை எழுதக் கொஞ்சம் வெற்றிடமும் விட்டேன்.

வேலை முடிந்து கூலி கொடுக்கும்போது கடைக்காரரிடம் கேட்டேன். "எல்லாரும் பதக்கத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். நீங்கள் ஏன் கடுதாசியை எடுத்தீர்கள்?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். "நாங்க யாழ்ப்பாணம் சேர். தொண்ணூறில வெளிக்கிட்டம். எனக்கு அப்ப பதினாலு வயசு. வாப்பாட படம் ஒண்டு சுவரில இருந்திச்சு. உறுதி, கலியாணப் பத்திரம் எல்லாம் பெட்டகத்தில. ஒண்டும் எடுக்கல்ல."

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலிருந்தும் ஏறத்தாழ 70,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் வந்து சேர்ந்தது எங்கள் புத்தளம் மாவட்டத்துக்கு. அவர்களுடைய ஓலைக் கொட்டில்களுக்கு நடுவேதான் நான் பல ஆண்டுகள் பள்ளிக்கூடம் போய்வந்தேன். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தேன். ஆனால், ஒரு வீட்டில் சுவரில் மாட்ட ஒரு படமும் இல்லாதிருப்பது எப்படி இருக்கும் என்று அன்றுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

"தம்பி, வாப்பாவின் பெயரும் தெருவும் தொழிலும் ஞாபகம் இருக்கிறதல்லவா? அதை உங்கள் கையால் எழுதிச் சட்டம் போடுங்கள். அதுவும் பத்திரம்தான்" என்றேன். அவர் தலையசைத்தார்.

மாமாவின் சட்டம் இப்போது பேரனின் வீட்டு உட்சுவரில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் அவனுடைய மகள், வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுகிறாள்.

சில மாதங்களின் பின், என் பேத்தியின் பரிசுச் சான்றிதழுக்குச் சட்டம் போட மறுபடியும் அந்தக் கடைக்குப் போனேன். கல்லாப்பெட்டிக்கு மேலே புதிதாக ஒரு சிறிய சட்டம் தொங்கியது. உள்ளே வெள்ளைத் தாளில் நீல மையால் நான்கு வரிகள்: ஒருவருடைய பெயர், ஒரு தெருவின் பெயர், தையல் தொழில், பிறந்த ஆண்டு. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, அவர் எழுந்து வந்து தோளில் கிடந்த துணியால் கண்ணாடியை ஒருமுறை துடைத்துவிட்டார்.