சானட்டோரியம் முதல் மேமோகிராம் வரை

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே மின்சார ரயில் நிற்கிற நிலையம் ஒன்று, மருத்துவமனையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. பலகையில் 'தாம்பரம் சானட்டோரியம்'. பேச்சில் வெறும் 'சானட்டோரியம்'. 1928இல் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சவுரிமுத்து இங்கே 12 படுக்கைகளோடு ஒரு காசநோய் இல்லத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அப்படி ஓர் இல்லத்தை நடத்திவந்தவர் அவர். கணிதமேதை ராமானுஜன் 1917இல் அவரிடம்தான் அங்கே சிகிச்சைக்குச் சேர்ந்தார். தாம்பரம் இல்லத்தை 1937இல் சென்னை மாகாண அரசு எடுத்துக்கொண்டது.

அன்றைக்குக் காசநோய்க்கு மாத்திரை கிடையாது. நல்ல காற்று, பால், முட்டை, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். நோய் நுரையீரலில் எதுவரை பரவியிருக்கிறது என்று காட்டுவது நெஞ்சு எக்ஸ்ரே. இருமலும் இளைப்புமாக ஆள் பாதியான பிறகே அந்தப் படம் எடுக்கப்படும். அதனால் எக்ஸ்ரே என்றாலே பெரிய வியாதி என்ற எண்ணம் வீடுகளில் ஊறிப்போனது.

இன்று சானட்டோரியம் வழியே போகிற ஜிஎஸ்டி சாலையிலும், தாம்பரம்–வேளச்சேரி சாலையிலும் ஸ்கேன் சென்டர் பலகைகளில் 'மேமோகிராம்' என்று எழுதியிருக்கிறது. அதுவும் எக்ஸ்ரேதான், மார்பகத்துக்கு என்றே தனியாகச் செய்த எக்ஸ்ரே. ஆனால் வலியோ கட்டியோ எதுவுமே இல்லாத பெண்ணையும் கூப்பிட்டு எடுப்பது இதன் வழக்கம். நன்றாக இருப்பவர் எதற்காக எக்ஸ்ரேவுக்குப் போக வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அந்தப் பதிலில் காசநோய் இல்லங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

மருந்து வருவதற்கு முன்பு, பல நாட்டு சானட்டோரியங்களில் ஒரு சிகிச்சை இருந்தது. ஊசி வழியாக மார்புக்கூட்டுக்குள் காற்றை ஏற்றி, கெட்டுப்போன நுரையீரலைச் சுருக்கி அதற்கு ஓய்வு தருவார்கள். ஏற்றிய காற்று கரைந்துவிடும். மறுபடி ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளியை எக்ஸ்ரே திரையின் முன் நிறுத்திப் பார்ப்பார்கள். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இது நடக்கும். 1965இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இயன் மெக்கென்சி என்ற மருத்துவர், இப்படித் திரும்பத் திரும்பத் திரைமுன் நின்ற பெண்களுக்குப் பிற்காலத்தில் மார்பகப் புற்றுநோய் அதிகமாக வந்திருப்பதைக் கண்டு எழுதினார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. இளம் பெண்ணின் மார்பகம் கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும் என்ற பாடத்தில் ஒரு பகுதி கிடைத்தது இந்தக் காசநோயாளிகளிடமிருந்துதான்.

மேமோகிராமில் கதிர் அளவு இவ்வளவு குறைவாக இருப்பதற்கு அந்தப் பாடமும் ஒரு காரணம். இரண்டு மார்பகங்களுக்கும் சேர்த்து ஒரு சாதாரணப் பரிசோதனையில் உடம்பில் படுவது சுமார் 0.4 மில்லிசீவெர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே நம்மேல் ஏழெட்டு வாரங்களில் படுகிற அளவு அது.

சென்னையின் அடையாறில் புற்றுநோய் சிகிச்சையின் கதை வேறு விதமாகத் தொடங்கியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் புற்றுநோயால் இறந்தார். நோய் இன்னதென்று தெரியவே காலம் கடந்திருந்தது. அந்தத் துக்கத்தில் பிறந்த எண்ணம், இந்திய மாதர் சங்கம் திரட்டிய நிதியில் ஒரு மருத்துவமனையானது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. அங்கும் 12 படுக்கைகள்தான். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். மறு வருடம் சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் காலமாகும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

அவர்களிடம் வந்த மார்பகப் புற்றுநோயாளிகளில் பெரும்பாலோர் கட்டி முற்றி, தோல்வரை பரவிய பிறகே வந்தார்கள். கட்டி சின்னதாக இருந்தபோது வலிக்கவில்லை, வலிக்காததால் வரவில்லை. அந்த நிலையில் நேரே கத்தி வைத்துப் பயனில்லை. முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, அதன்பின் அறுவை செய்கிற முறையை கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் வளர்த்தெடுத்தார்கள். 1980களின் தொடக்கத்தில் சென்னை நகரப் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியபோது பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பிறகு அது குறைந்துகொண்டே வர, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

கட்டி வலிக்காமல் சின்னதாக இருக்கும்போதே அதைக் காட்டக்கூடிய எக்ஸ்ரேயின் கதைக்கு வருவோம். மார்பகத்தை எக்ஸ்ரேயில் பார்க்கலாம் என்று முதலில் காட்டியவர் பெர்லினின் ஆல்பர்ட் சாலமன். 1913இல், அறுவையில் எடுத்த சுமார் 3,000 மார்பகங்களைப் படமெடுத்து ஒப்பிட்டார். யூதர் என்பதால் நாஜி ஆட்சியில் பணியிழந்து, முகாமில் அடைபட்டு, ஹாலந்துக்குத் தப்பிப் போனார். உருகுவேயின் ரவுல் லெபோர்ன் 1949இல் இரண்டு விஷயங்களை வலியுறுத்தினார். மார்பகத்தை அழுத்திப் பிடித்தால்தான் படம் தெளியும். கடுகை விடச் சிறிய சுண்ணாம்புப் புள்ளிகள் புற்றுநோய்க்குத் துப்பு கொடுக்கும். இதற்கென்றே தனி இயந்திரம் வந்தது 1960களில், பிரான்ஸின் ஷார்ல் குரோவின் முயற்சியால்.

இன்றைய மேமோகிராம் அறையில் நடப்பதெல்லாம் இந்த வரலாற்றின் மிச்சம்தான்.

உள்ளே போனதும் டெக்னீஷியன் கேட்கும் முதல் கேள்வி, "பவுடர், ஸ்ப்ரே ஏதாவது போட்டிருக்கீங்களாம்மா?" அக்குளில் ஒட்டிய பவுடர் படத்தில் லெபோர்னின் சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலவே தெரியும். போட்டிருந்தால் துடைத்துவிட்டு வரச் சொல்வார்கள். இடுப்புக்கு மேல் உடையைக் கழற்ற வேண்டும்; சேலையோ சுடிதாரோ, மேல் பாதி தனியாகக் கழலும் உடையாக இருந்தால் வசதி. தாலிச்சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் அதை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு நிற்பார்கள். மார்பகத்தை ஒரு தட்டில் வைத்து, மேலிருந்து கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு இறங்கி அழுத்தும். சில நொடிகள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் சாய்வாக ஒன்று என்று பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு படம். அழுத்தம் சிலருக்கு வலிக்கும். அழுத்தினால்தான் திசு பரவி நிழல்கள் விலகும், கதிரும் குறைவாகப் போதும். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறையும்.

ரிப்போர்ட்டில் 'பைராட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் கல்லூரி 1993இல் கொண்டுவந்த கணக்கு அது. இதில் பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. இன்னும் படம் தேவை என்று பொருள். 1, 2 என்றால் கவலையில்லை. 3 என்றால் சில மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 4, 5 என்றால் ஊசி போட்டுத் திசு எடுத்துச் சோதிப்பார்கள். மறுபடி வரச் சொன்னவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் புற்றுநோய் இருப்பதில்லை. வயது குறைந்தவர்களின் மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் படம் முழுக்க வெண்மை படர்ந்திருக்கும். கட்டியும் வெண்மைதான் என்பதால் கூடவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கச் சொல்வதுண்டு.

நன்றாக இருப்பவர்களுக்கும் மேமோகிராம் பயன்படுமா என்பதை முதலில் பெரிய அளவில் சோதித்தது நியூயார்க். 1963இல் தொடங்கிய ஆய்வில் 40 முதல் 64 வயதுவரையுள்ள சுமார் 62,000 பெண்கள். மார்பகப் புற்றுநோய்க்கு மனைவியைப் பறிகொடுத்த டாக்டர் பிலிப் ஸ்ட்ராக்ஸ் அந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர். வேனில் எக்ஸ்ரே கருவியை ஏற்றிக்கொண்டு பெண்கள் வேலைபார்க்கும் இடங்களுக்கே போனார். பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிரிட்டன் 1988இல் இதை அரசுத் திட்டமாக்கியது.

இந்தியா வேறு வழியில் போனது. மும்பையில் டாடா மருத்துவமனை 1998 முதல் 20 வருடம் நடத்திய ஆய்வில் ஒன்றரை லட்சம் பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் தொட்டுப் பரிசோதித்தார்கள்; இயந்திரமே இல்லை. 2021இல் வெளியான முடிவின்படி, 50 வயதைத் தாண்டியவர்களிடம் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே பெரிய மாற்றமில்லை. மத்திய அரசின் 2016 வழிகாட்டுதலும் 30 வயது முதல் 5 வருடத்துக்கு ஒருமுறை கைப்பரிசோதனையைத்தான் சொல்கிறது. மேமோகிராம், சந்தேகம் வந்த பிறகு.

ஆகவே சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ இருக்கிற 40 வயதுப் பெண்ணுக்கு மேமோகிராம் தேதி குறித்து அரசுக் கடிதம் எதுவும் வராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைப்பரிசோதனை செய்துகொள்ளலாம். மேமோகிராம் வேண்டுமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். இங்கே இந்த நோய் மேலைநாட்டுப் பெண்களைவிட ஏறக்குறைய பத்து வயது முன்னதாகவே வருகிறது என்பதால் அந்தப் பேச்சை 50 வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. அம்மா, சித்தி, அக்கா யாருக்காவது வந்திருந்தால், எந்த வயதில் வந்தது என்பதையும் விசாரித்து வைத்துக்கொண்டு போவது நல்லது. எப்போது தொடங்குவது, எத்தனை வருடத்துக்கு ஒரு முறை எடுப்பது, ஸ்கேனும் சேர்க்க வேண்டுமா என்பதையெல்லாம் மருத்துவர் அதைக் கேட்ட பிறகுதான் சொல்வார்.