மில் ஸ்டுடியோ ஆச்சு, ஸ்டுடியோ வீடு ஆச்சு

சேலத்திலிருந்து ஏற்காடு போகிற ரோட்டில் ஒரு பழைய வளைவு நிற்கும். அதன் முன்னால் நின்று போட்டோ எடுக்காத சேலத்துக்காரர்கள் குறைவு. தாண்டி உள்ளே போனால் வெறும் வீடுகள்தான். மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம்.

1935-ல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்தது. மனிதர் இங்கிலாந்தில் படித்தது ஜவுளித் தொழில்! அதனாலோ என்னவோ, சினிமாவையும் ஒரு மில் மாதிரியே நடத்தினார். மாதச் சம்பளம், நேரத்துக்கு வேலை. நூறு படத்துக்கு மேல் வெளியே வந்தது. மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938) இவர்கள் எடுத்ததுதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) கூட. 1963-ல் சுந்தரம் காலமானார். பிறகு எல்லாம் தேய்ந்து, கடைசியில் வளைவு மட்டும் மிச்சம்.

சென்னை பெரம்பூரில் இதற்கு நேர் எதிரான கதை. பக்கிங்காம் மில் 1876-லும் கர்நாடிக் மில் 1881-லும் வந்தன. 1920-ல் இரண்டும் ஒன்றாகி பி அண்டு சி மில் ஆச்சு. நம்ம ஊர்க்காரர்களுக்கு பின்னி மில் என்றால்தான் தெரியும். காக்கித் துணிக்குப் பேர்போனது. 1918-ல் பி.பி.வாடியா தலைவராகவும் திரு.வி.க. போன்றவர்கள் துணையாகவும் இருந்து தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்த மில் ஆட்களுக்காகப் பிறந்ததுதான். 1996-ல் மில் மூடியது. இயந்திரங்கள் போன பிறகு அந்தப் பெரிய கொட்டகைகளுக்குள் யார் வந்தார்கள் தெரியுமா? சினிமாக்காரர்கள்! செட் போட்டார்கள், சண்டைக்காட்சி எடுத்தார்கள். உயரமான கூரையும் விசாலமான உள்ளிடமும் வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் அதுவும் நிலைக்கவில்லை, அங்கேயும் அடுக்குமாடி வந்துவிட்டது.

சேலத்தில் ஸ்டுடியோ வீடாச்சு. சென்னையில் மில் ஸ்டுடியோவாகி, அப்புறம் வீடாச்சு. இரண்டுமே ஆபீஸ் ஆகவில்லை!

ஆனது மும்பையில். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதோடு பல மில்கள் எழுந்திருக்கவே இல்லை. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் கடைவளாகம் ஆனது, கமலா மில் வளாகத்தில் ஆபீஸ்கள் வந்தன. நெசவாளி போன வாசலில் விளம்பரக் கம்பெனி ஆள் வந்தார். 1991 விதிப்படி மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்த வெளிக்கு, ஒரு பங்கு பொது வீடுகளுக்கு, மீதிதான் முதலாளிக்கு. 2001-ல் அதைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டும் பங்கு கொடுத்தால் போதும் என்றார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. மில் நிலம் முழுக்கக் கட்டடம்தானே, பங்கு எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 2017 டிசம்பர் 29-ல் அதே கமலா மில் வளாகத்தில், மாடியில் நடந்த மதுக்கூடத்தில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பழைய வளாகத்துக்குள் புதுக் கூட்டத்தை விடும்போது தப்பிக்கிற வழியையும் பார்க்கணும் இல்லையா?

சரி, ஏன் இடிக்கிறார்கள்? காமர்ஸ் படிக்கிறவனுக்கு பதில் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கு. கட்டடத்துக்குத் தேய்மானம் போடுகிறோம், நிலத்துக்குப் போடுவதில்லை. வருஷம் 10 சதவீதம் குறைமதிப்பு முறையில் கழித்தால், 100 ரூபாய் கட்டடம் 20 வருஷத்தில் சுமார் 12 ரூபாய். நூறு வருஷ மில்லுக்குப் புத்தகத்தில் மதிப்பே இருக்காது. நிலம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். சுவரின் கனமும் தேக்கு உத்திரமும் எந்தப் பத்தியிலும் வராது.

இதை எங்க வாழப்பாடியில் உட்கார்ந்து யோசித்தால் ஜவ்வரிசி ஆலைதான் ஞாபகம் வருது. 1943 வாக்கில், யுத்தத்தால் வெளிநாட்டுச் சரக்கு நின்றபோது சேலத்தில் பிறந்த தொழில். இந்தப் பக்கம் ஓடாமல் கிடக்கிற ஆலையில் காய்ப்போடும் களமும் தொட்டியும் கொட்டகையும் அப்படியே இருக்கும். இங்கே நில விலை பெரம்பூர் மாதிரி இல்லை, அதனால் இடிக்க அவசரமும் இல்லை. சேலம் கருப்பூர்ப் பக்கம் 2024 செப்டம்பரில் திறந்த மினி டைடல் பார்க் புதிதாகக் கட்டியது. அடுத்ததற்கு இடம் தேடுகிறவர்கள் ஒரு தடவை ஆத்தூர் ரோட்டில் வந்து பார்க்கலாம். மூன்று முனை மின்சாரம் ஏற்கனவே வாசல் வரை இருக்கு, லாரி திரும்ப இடமும் இருக்கு. மாவு புளித்த வாடை போக மட்டும் கொஞ்ச நாள் ஆகும் :)